குண்டு இறுகியிருக்கு, கேஸ் இல்லை

கோமுகி அணைக்குப் போகிற சாலையில் கடை வைத்திருக்கும் அம்மா ஒரு கிரேட் கோலி சோடாவை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். குடித்தவர்கள் வெறும் தண்ணீர் என்று சொல்லிக் காசு கொடுக்க மறுக்கிறார்களாம். கச்சிராயபாளையத்தில் அந்தச் சோடாவைப் போடும் பெரியவர் கிரேட்டைத் தரையில் இறக்கி, ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் வாயை அடைத்திருக்கும் குண்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். எல்லாமே இறுக்கம். ஒன்றுகூட அசையவில்லை. உள்ளே அழுத்தம் இருக்கிறது, நாக்கில் மட்டும் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ரப்பர் வாசர் போயிருந்தா குண்டு கீழ இறங்கியிருக்கும். இது வேற கோளாறு, தம்பி" என்றவர், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "காலையில காத்தை வெளிய தள்ளினியாடா?"

பாட்டில் கழுவிக்கொண்டிருந்த அவருடைய அக்கா மகன் எழுந்து வந்தார். "சர்க்கரை ஆலைக்கு அவசரமா கேட்டாங்க மாமா, மறந்துட்டேன்."

சோடாவின் சூட்சுமமே அந்தக் காற்றில்தான் இருக்கிறது. தண்ணீர் ஊற்றியதும் பாட்டிலின் கழுத்தில் வெறும் காற்று மிஞ்சும். முதலில் கொஞ்சம் கேஸ், அதாவது கரியமில வாயு, விட்டு, அதோடு இந்தக் காற்றையும் வெளியே தள்ளிவிட்டு, பிறகுதான் முழுக் கேஸ் ஏற்ற வேண்டும். தள்ளாவிட்டால் காற்றும் சேர்ந்தே குண்டை அழுத்தும். விரலுக்கு வித்தியாசம் தெரியாது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஒரே அழுத்தத்தில், அறை வெப்பத்தில், கரியமில வாயு கரைகிற அளவில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான் நைட்ரஜன் கரையும். ஒரு வாயு எந்த அளவுக்கு அழுத்துகிறதோ அந்த அளவுக்கே தண்ணீரில் கரையும் என்று 1803-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி கண்டு சொன்னார். அழுத்தத்தில் காற்றின் பங்கு கூடினால் கரியமில வாயுவின் பங்கு குறையும். சோடா சப்பென்று ஆகிவிடும். பெரியவர் ஹென்றியின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. விதியைக் கைவசம் வைத்திருக்கிறார்.

தண்ணீரின் சூடும் ஒரு காரணம். 10 டிகிரித் தண்ணீர் ஏற்கிற வாயுவில் பாதிக்குச் சற்று மேல்தான் 30 டிகிரித் தண்ணீர் ஏற்கும். அதனால்தான் சித்திரை வெயிலில் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறார்கள்.

சோடா போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இரும்புச் சட்டத்தில் பாட்டில்களைப் பொருத்தி, வாயைக் கேஸ் வால்வோடு இறுக்கி, கைப்பிடியைச் சுற்றுகிறார்கள். தண்ணீரும் கேஸும் உள்ளே குலுங்கிக் கலக்கின்றன. பாட்டில் தலைகீழாக நிற்கும்போது குண்டு உருண்டு வாய்க்கு வருகிறது. அழுத்தம் அதை ரப்பர் வாசரோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறது. மூடியே தேவையில்லை. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. கழுத்தில் ஒரு பக்கம் இருக்கும் இரண்டு குழிகள் எதற்கு என்று பலரும் யோசிப்பதில்லை. அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்துக் குடித்தால் குண்டு குழியில் தங்கிவிடும், வாயை அடைக்காது. இங்கிலாந்தில் அந்தப் பாட்டில் இப்போது பழம்பொருள் சேகரிப்பவர்களிடம்தான் இருக்கிறது. ஜப்பானில் ராமுனே என்ற பெயரிலும் நம்மிடம் கோலி சோடாவாகவும் இன்னும் புழங்குகிறது.

வாசர் மாற்றுவது தனி வேலை. பெரியவரின் மனைவி ஒரு வளைந்த கம்பியை பாட்டிலின் வாய்க்குள் விட்டு, வெடித்துப்போன பழைய வாசரைக் கொக்கி போட்டு இழுக்கிறார். புதியது வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்து இரண்டாக மடித்து உள்ளே நுழைத்து, சுண்டு விரலால் பள்ளத்தில் உட்கார வைக்கிறார். பிறகு அதே விரலை ஒரு சுற்றுச் சுற்றுகிறார். பிசிறு தட்டினால் மறுபடி வெளியே.

அக்கா மகன் இதற்கு முன் பெங்களூரில் ஒரு காபிக் கடையில் இருந்தவர். அங்கே நைட்ரோ கோல்ட் ப்ரூ உண்டு. தூளைக் குளிர்ந்த தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து வடித்து, கெக் என்ற எவர்சில்வர் பீப்பாயில் ஊற்றி, நைட்ரஜன் ஏற்றுவார்கள். குழாயைத் திறந்தால் பால் இல்லாமலே பால் சேர்த்ததுபோல நுரை கட்டி இறங்கும். இந்த வித்தை பீரிலிருந்து வந்தது: கின்னஸ் கம்பெனியில் வேலை பார்த்த மைக்கேல் ஆஷ் என்ற கணிதப் பட்டதாரி 1959-இல் நைட்ரஜனைக் கொண்டு பீரில் அந்த நுரையைக் கொண்டுவந்தார். 2016-இல் ஸ்டார்பக்ஸ் நைட்ரோ காபியைத் தன் கடைகளில் விற்கத் தொடங்கியது. இப்போது வீட்டிலேயே சின்ன கெக் வாங்கி வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சோடாக்காரர் துரத்துகிற அதே நைட்ரஜனைத்தான் காபிக்காரர் காசு கொடுத்து வாங்குகிறார். கரையாமல் அடம்பிடிக்கும் அதன் குணமே அங்கே முதலீடு. பொடித் துளைகள் உள்ள தட்டு வழியாகப் பீய்ச்சும்போது, கட்டாயத்தில் கரைந்திருந்த கொஞ்சநஞ்ச வாயுவும் மணல்போன்ற குமிழிகளாக வெளியேறி நுரையாகிறது.

வீட்டு கெக்கில் நுரை வராவிட்டால் முதலில் சிலிண்டரைச் சந்தேகிப்பார்கள். அக்கா மகன் சொல்லும் வரிசை வேறு. காபி உள்ளே நன்றாகக் குளிர்ந்திருக்கிறதா? சதுர அங்குலத்துக்கு 30 முதல் 40 பவுண்டு அழுத்தம் கொடுத்துக் குலுக்கி, சில மணி நேரமாவது விட்டுவைத்தார்களா? சாதாரணக் குழாயா, துளைத் தட்டு உள்ள குழாயா? தட்டில் காபிக் கசடு அடைத்திருக்கிறதா? கடைசியாகத்தான் கசிவு: மூடியின் ரப்பர் வளையத்திலும் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். காபி புளித்தால் யாரோ கரியமில வாயுவை மாட்டியிருக்கிறார்கள். "மாமா சோடாவுக்குப் பார்க்கிறதுதான் எல்லாமே. அங்க இருந்தப்ப இது தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். வீட்டில் புழங்கும் கெக்குகளில் பலவும் முதலில் குளிர்பானப் பாகு ஊற்றிவைக்கச் செய்யப்பட்டவைதான். அவற்றின் பூர்விகமும் சோடாதான்.

ஆனால் சிலிண்டர் விஷயத்தில் இரண்டும் வேறு வேறு. நைட்ரஜன் சிலிண்டருக்குள் வாயுவாகவே இருக்கும். செலவாகச் செலவாக மீட்டர் முள் இறங்கும். கரியமில வாயு உள்ளே திரவமாக இருக்கும். திரவம் ஒரு சொட்டு மிச்சம் இருக்கும்வரை, 25 டிகிரி வெப்பத்தில், முள் 64 பார் பக்கத்திலேயே நிற்கும். தீரப்போவதை அது சொல்லாது. 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம், வாயு என்ற பிரிவே இல்லாமல் போய் அழுத்தம் எகிறும். அதனால் சிலிண்டரை வெயில் படாத மூலையில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார் பெரியவர். எவ்வளவு மிச்சம் என்று தெரிய எடை போடுகிறார், முள்ளை நம்புவதில்லை.

பயம் பாட்டிலில்தான். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த பாட்டில் கேஸ் ஏறும்போது வெடிக்கும். இயந்திரத்தைச் சுற்றி வலையும் சாக்கும் கட்டியிருக்கிறார்கள். பெரியவரின் முன்கையில் பழைய தழும்புகள் உண்டு. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள் என்று சொன்னேன், வேர்வையில் மங்கிவிடுகிறதாம். நல்ல பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பெரிய செலவு ஆகாது. சின்னச் சோடா கம்பெனிகளுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு துறைக்காவது மனம் வர வேண்டும்.

வரியும் இவர்களைப் பார்த்துப் போடப்பட்டதாகத் தெரியவில்லை. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது இனிப்புச் சேர்த்த சோடாவுக்கு 28 சதவீத வரியும் 12 சதவீத மேல்வரியும் விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே வீதமாக 40 சதவீதம். பன்னீர் சோடா போடுகிறவர் பதிவு வரம்பைத் தாண்டி வளர நினைத்தால் உலகக் கோலா கம்பெனிகளுக்கு உள்ள அதே வீதம்தான் அவருக்கும். இதில் எனக்கு நியாயம் எதுவும் தெரியவில்லை. அதே 2017-இல், ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின், மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் கோலாவை விற்க மாட்டோம் என்று தமிழக வணிகர்கள் அறிவித்தபோது எல்லோரும் தேடியது உள்ளூர்ச் சோடாவைத்தான்.

இங்கே நிலையான வாடிக்கை கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் டிராக்டர்காரர்கள். வரிசையில் காத்திருந்து, குடித்து முடித்து, பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள். சோடாவைவிடப் பாட்டில் விலை அதிகம் என்பதால் காலி கிரேட் வந்தால்தான் நிறை கிரேட் இறங்கும். 2025 மார்ச்சில் மத்திய அரசின் அபேடா நிறுவனம் கோலி சோடாவை வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டுபோவதாக அறிவித்த செய்தியைச் சொன்னபோது, "அங்கேர்ந்து காலி பாட்டில் திரும்பி வருமா?" என்று கேட்டார் பெரியவர்.

கல்வராயன் மலையில் அந்தச் சிக்கல் ஏற்கெனவே இருக்கிறது. பெரியார் அருவிக்கு வண்டியில் போகிறவர்கள் பாட்டிலோடு போய்விடுகிறார்கள். அதனால் வெள்ளிமலைப் பக்கத்துக் கடைகளுக்கு பிளாஸ்டிக் பாட்டிலில் பன்னீர் சோடா மட்டும் அனுப்புகிறார். பிளாஸ்டிக்கின் சுவர் வழியாகவே கேஸ் மெல்லக் கசியும் என்பதால், சீக்கிரம் விற்றுத் தீரும் அளவுக்குமேல் அவர் மலைக்கு ஏற்றுவதில்லை.