படப் புத்தகத்தில் வட்டமிட்ட துப்பாக்கி

எங்கள் வீட்டு இரட்டைக்குழல் துப்பாக்கி சைகோனிலிருந்து வந்தது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கொள்ளுத்தாத்தாவின் அப்பா அங்கே பிரெஞ்சுப் போலீசில் இருந்தாராம். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் புதுச்சேரி திரும்பியவருக்கு ஒரு துரை பரிசாகக் கொடுத்தாராம். உரிமம் என் பெயருக்கு மாறியபின் அதைச் சீர்செய்யும் ஆசை வந்தது. முன்கட்டை இல்லை, வலக்குழலின் வெடியூசியும் இல்லை. முன்கட்டை இல்லாமல் மடக்கித் திறந்தால் குழல்கள் கழன்று கையோடு வந்துவிடும். மாற்று உறுப்பு தேடுவதற்கு முன் அது எந்த வகை என்று தெரிய வேண்டுமே.

குழல்களைக் கழற்றி, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்தேன். கிரீடமும் அதன்கீழ் குறுக்காக இரண்டு ஓலைகளும் தெரிந்தன. பிரான்சின் சேந்த்-எத்தியேன் நகரத் துப்பாக்கிச் சோதனைச் சாலையின் முத்திரை அது. மேலே ‘ரொபுஸ்த்’ என்ற பெயர். பின்னாளில் மனுஃப்ரான்ஸ் ஆன தொழிற்சாலை அந்த வகையைக் கொண்டுவந்ததே 1913இல்தான். அப்படியானால் துரை எதைக் கொடுத்தார்?

கொள்ளுத்தாத்தாவின் மகளான, தொண்ணூறைத் தாண்டிய அத்தைப்பாட்டி ஒப்பவே இல்லை.

“சைகோன் துப்பாக்கிடா அது. எங்கப்பா பொய் சொல்வாரா?”

முத்திரையின் படத்தைக் காட்டினால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். போகும்போதெல்லாம் காபி வந்தது, பதில் மட்டும் மாறவில்லை. கடைசியில் சைகோனை விட்டுவிட்டு, முன்கட்டை எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன்.

“அந்தப் படப் புஸ்தகத்துல இருந்துச்சே! தடிப் புஸ்தகம், பிரான்சுலேருந்து வரும். துப்பாக்கி, சைக்கிள், தையல் மிஷின், எல்லாத்துக்கும் படமும் விலையும் போட்டிருக்கும். சைக்கிள் படத்தை வெட்டிச் சுவத்துல ஒட்டி அடி வாங்கியிருக்கேன். துப்பாக்கிப் பக்கத்தை மட்டும் அப்பா தொட விடமாட்டார். பேனாவால வட்டம் போட்டு வெச்சிருந்தார்.”

எனக்குப் புல்லரித்தது. 1885இல் மிமாரும் பிளஷோனும் தொடங்கிய அதே நிறுவனத்தின் விலைப்பட்டியல் அது! தபால்வழி வியாபாரத்தில் பிரான்சுக்கே முன்னோடி. இரோந்தெல் சைக்கிளும் ஒம்னியா தையல் இயந்திரமும் அவர்கள் சரக்குதான். துப்பாக்கி யாரும் கொடுத்த பரிசு இல்லை. கொள்ளுத்தாத்தா பக்கம் பக்கமாகப் புரட்டி, தனக்குப் பிடித்ததைத் தானே தேர்ந்தெடுத்திருக்கிறார். துரையின் பரிசைவிட எனக்கு இதுதான் பெருமை.

அதன்பின் சீர்செய்யும் ஆசை மாறிவிட்டது. மனுஃப்ரான்ஸ் 1985இல் மூடப்பட்டது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உறுப்பும் ஆயுதம்தான். நினைத்தவுடன் தபாலில் வரவழைக்க முடியாது. வரவழைத்தாலும் எதைச் சுட? கொள்ளுத்தாத்தா வாத்து சுடப் போன ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். சுடத் தேவையில்லாத துப்பாக்கிக்குப் புது ஊசி பொருத்தினால், அவர் வாங்கிய பொருளில் என் கைவேலைதான் கூடும்.

துருவை நீக்கி எண்ணெய் பூசுவதோடு நிறுத்திக்கொண்டேன். அத்தைப்பாட்டி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி உரிமத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். எனக்குப் பின் இதைக் கையில் எடுப்பவர், உறுப்பு தேடக் கிளம்புவதற்கு முன் அதைப் படிக்கட்டும்.