மோட்டார் சைக்கிளுக்கு எந்த வெளிச்சம்?

மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கில் மின்குமிழ் எரிந்துபோனால், கராஜுக்குச் சென்று புதியது ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவது ஒரு காலத்தில் ஐந்து நிமிட வேலையாக இருந்தது. இன்று அது ஒரு விவாதமாகிவிட்டது. "ஐயா, ஹலோஜன் எல்லாம் பழசு. எல்.ஈ.டி. போடுங்கோ, பகல் மாதிரி இருக்கும்" என்கின்றார் மெக்கானிக் தம்பி. வீட்டில் தங்கையின் மகனும் அதையே சொல்கின்றான். இருவரும் இளைஞர்கள். இரவில் என்னைவிட நன்றாகப் பார்க்கக்கூடியவர்கள். எனக்குள்ள கேள்வி வேறு. பகல் மாதிரி இருக்கப்போவது எனக்கா, எதிரே வருபவருக்கா?

இந்தக் கேள்வி எனக்கு மட்டுமானதல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, இலங்கையில் பெரும்பாலானோர் இருந்த வண்டியைத்தான் திருத்தித் திருத்தி ஓடினார்கள். அந்த வண்டிகளில் மிகப் பல, ஹலோஜன் குமிழுக்கென்று செய்யப்பட்ட முகப்பு விளக்கைக் கொண்டவை. அந்த விளக்குக்குள் எல்.ஈ.டி. குமிழைச் செருகலாமா என்பதுதான் உண்மையான பிரச்சினை. எல்.ஈ.டி. நல்லதா கெட்டதா என்பதல்ல.

ஹலோஜன் குமிழ் 1962 இல் ஐரோப்பியக் கார்களில் அறிமுகமானது. உள்ளே இருப்பது பழைய தங்குதன் இழைதான். ஆனால் குமிழுக்குள் அயடீன் அல்லது புரோமீன் சிறிதளவு சேர்க்கப்பட்டிருக்கும். சூட்டில் ஆவியாகும் தங்குதன் கண்ணாடியில் படிந்து கறுப்பாகாமல், இந்த வாயுவுடன் சேர்ந்து மீண்டும் இழைக்கே திரும்புகின்றது. கெட்டித்தனமான ஏற்பாடு. இருந்தும், உண்ணும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே கொட்டிவிடுகின்றது. எல்.ஈ.டி. அதே மின்சாரத்தில் பல மடங்கு வெளிச்சம் தரும். நீல ஒளி தரும் சிறு துண்டின் மேல் மஞ்சள் பூச்சைப் பூசித்தான் வெள்ளை வெளிச்சத்தைப் பெறுகின்றார்கள். அந்த நீல ஒளியைச் சாத்தியமாக்கிய ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே தொழில்நுட்பத்தில் யார் வென்றார் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் முகப்பு விளக்கு என்பது குமிழ் மட்டுமல்ல. பின்னாலுள்ள தெறிகண்ணாடி, இழை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு வளைக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள்களில் பரவலாக உள்ள 35 வாட் ஹலோஜன் குமிழை எடுத்துப் பாருங்கள். 'டிம்' இழைக்குக் கீழே சின்னக் கரண்டி போன்ற ஓர் உலோகத் தகடு இருக்கும். கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அது மறைக்கின்றது. மேற்பாதியில் பட்ட ஒளி மட்டும் தெறித்து வீதியில் விழுகின்றது. அதனால்தான் சுவருக்கு எதிரே நிறுத்தி 'டிம்' போட்டால், மேலே இருளும் கீழே ஒளியுமாக ஒரு கோடு தெரியும். எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது அந்தக் கோடுதான். கடையில் விற்கும் எல்.ஈ.டி. குமிழில், இழை இருந்த இடத்தில் தட்டையான துண்டுகளை ஒட்டியிருக்கின்றார்கள். ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் கோடு கலைந்துவிடும். வெளிச்சம் மரத்துக்கும் வானத்துக்கும் எதிரே வருபவரின் முகத்துக்கும் போகும். ஓட்டுபவருக்கோ எங்கும் வெள்ளையாகத் தெரிவதால் மகிழ்ச்சி.

ஏ-9 வீதியில் இரவில் ஓடியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். போக ஒரு பாதை, வர ஒரு பாதை. நடுவில் தடுப்பு இல்லை. சூடு பிடித்த தாரில் மாடுகள் படுத்துக்கிடக்கும். பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டி நெல் மூட்டைகளுடன் ஊர்ந்துகொண்டிருக்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீற்றர் போகின்றோம். எதிர்வெளிச்சத்தில் கண் இரண்டு விநாடி கூசினால் 33 மீற்றர் குருடராகச் செல்கின்றோம். வயது ஏற ஏறக் கண்வில்லை மங்கி ஒளியைச் சிதறடிக்கும். கூச்சம் தெளியவும் கூடிய நேரம் எடுக்கும்.

என்னோடு ஒரே பத்திரிகையில் பணியாற்றிய நண்பர் ஒருவர், பரந்தனுக்கு அப்பால் அப்படியொரு பெட்டியின் பின்புறத்தில் மோதினார். கால் முறிந்து ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். "வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சது, வேற ஒண்டும் தெரியேல்லை" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கின்றது. எதிரே வந்தவர் நிற்கவில்லை. தன்னால் ஒருவர் விழுந்தார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

எங்கள் தலைமுறைக்கு வெளிச்சத்தோடு விசித்திரமான உறவு. தொண்ணூறுகளின் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடினோம். பொம்பர் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு ஓரமாக நிற்போம். சோதனைச் சாவடியை நெருங்கும்போதும் முதல் வேலை விளக்கைத் தணிப்பதுதான். அடுத்தவர் முகத்தில் வெளிச்சம் அடிப்பதன் பொருள் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

வேறு சிக்கல்களும் உள்ளன. பழைய சிறு வண்டிகள் சிலவற்றில் முகப்பு விளக்குக்குப் பற்றரியிலிருந்து மின்சாரம் வருவதில்லை. எஞ்சினிலிருந்து நேரே ஆடலோட்டமாக வருகின்றது. அதில் எல்.ஈ.டி. துடிக்கும், அல்லது விரைவில் கெட்டுவிடும். ஹலோஜனின் வெப்பத்தில் பெரும்பகுதி ஒளியோடு முன்னால் போய்விடும். எல்.ஈ.டி.யின் வெப்பமோ பின்பக்கமே தங்குவதால் குட்டி விசிறி வைத்திருக்கின்றார்கள். வன்னியின் செம்மண் தூசிக்கு அந்த விசிறி எத்தனை மாதம் தாங்கும்?

எல்.ஈ.டி.க்கென்றே வடிவமைத்த விளக்குடன் வரும் புதிய வண்டி வாங்குபவர் தயங்க வேண்டியதில்லை. பின்விளக்குக்கு நானே எல்.ஈ.டி. போட்டிருக்கின்றேன். பிரேக் பிடித்தால், இழை சூடாகி ஒளிர எடுக்கும் ஏறத்தாழ 0.2 விநாடி அதில் மிச்சம். பின்னால் வருபவருக்கு அது மூன்று மீற்றர்.

முகப்புக்கு ஹலோஜனையே போடச் சொன்னேன். மெக்கானிக் தம்பி முகத்தைச் சுளித்தார். ஆனால் மீற்றரை வைத்துப் பார்த்தபோது, குமிழின் முனைக்கு ஒரு வோல்ட் குறைவாகவே மின்சாரம் வந்துகொண்டிருந்தது. ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் கால்பங்கு போய்விடும். துருப்பிடித்த இணைப்பைச் சுரண்டி, வயரை மாற்றி, கண்ணாடியைத் துடைத்து, கோட்டைச் சரியான உயரத்துக்கு இறக்கினார். குமிழை விரலால் தொட வேண்டாம், எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி வெடிக்கும் என்று நான் சொல்ல முன்னரே துணியால் பிடித்துக்கொண்டார். தொழில் தெரிந்தவர்.

மருமகன் தன் வண்டிக்கு எல்.ஈ.டி. போட்டுவிட்டான். மதிலுக்கு முன் நிறுத்திப் பார்த்தோம். கோட்டைக் காணவில்லை. மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தென்னை வரை வெளிச்சம். "மாமா, எனக்கு நல்லாத் தெரியுதே" என்கின்றான். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குக் கிளிநொச்சியிலிருந்து அதே வீதியால்தான் வருகின்றான். கழற்ற இன்னும் சம்மதிக்கவில்லை. என் வண்டியை எடுத்துக்கொண்டு, அவனுடைய வெளிச்சத்துக்கு எதிரே ஒருமுறை ஓடிவரச் சொல்லியிருக்கின்றேன்.