இது யார் பை?

சின்ன வயதில் அப்பாவோடு ரயிலில் போவதென்றாலே எனக்கு எரிச்சல். ஏறியதும் சீட்டைத் தேட மாட்டார். மேல் பெர்த், சீட்டுக்கடி, கதவோரம் என்று எங்கே பை இருந்தாலும் "சார், இது உங்களுதா? இது யார் பை?" என்று ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை விழுப்புரத்தில் ஆளில்லாத ஒரு சாக்கு மூட்டைக்காக எங்கள் நால்வரையும் பிளாட்பாரத்தில் இறக்கி நிறுத்திவிட்டார். டீ குடிக்கப் போயிருந்தவர் வந்து மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். முருங்கைக்காய். பெட்டியே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை என்பதை நான் அன்று கவனிக்கவில்லை.

போன வருடம் அவரைத் தங்கை வீட்டுக்கு, சிங்கப்பூருக்கு, அழைத்துப் போனேன். அவருக்கு முதல் விமானம். எழுபதை நெருங்குகிறவர். முப்பது வருடம் டாக்ஸி ஓட்டியவர், மீனம்பாக்கத்தில் எத்தனையோ பேரை இறக்கிவிட்டவர், உள்ளே போனதில்லை. பெட்டியில் பருப்புப் பொடி, தங்கை மகனுக்கு உடுப்பு, நடுவில் வேட்டியில் சுற்றி அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கு. அம்மா போன பிறகு அது ஏற்றப்படாமல் மூலையில் கிடந்தது. "பொண்ணுகிட்ட இருக்கட்டும்" என்றார்.

நுழைவாயில் அருகே ஒரு லாப்ரடார் நின்றிருந்தது. நாய் என்றாலே ஒதுங்குகிறவர், தானாகப் போய்ப் பெட்டியை அதன் மூக்குக்கு நேராக வைத்தார். நாயைப் பிடித்திருந்த மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை வீரர், வேண்டாம், போங்க என்று கையைக் காட்டினார். அப்பா நகரவில்லை. நாய் முகர்ந்துவிட்டு அடுத்த ஆளிடம் போனது. அப்புறம்தான் நடந்தார்.

இந்த நாய்களைப் பற்றிப் பிறகு படித்தேன். குண்டு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. குறிப்பிட்ட வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், அவ்வளவுதான். கண்டுபிடித்ததும் குரைக்காமல், பிறாண்டாமல், அப்படியே உட்காரப் பழக்குகிறார்கள். பிறாண்டினால் வெடித்துவிடலாமே. மாதக்கணக்கில் ஒன்றும் அகப்படாவிட்டால் நாய்க்கு ஆர்வம் போய்விடும் என்று, பயிற்றுநர்களே அவ்வப்போது மாதிரிப் பொருளை ஒளித்துவைத்துத் தேட விடுவார்கள். எக்ஸ்ரே திரை முன்னால் இருக்கும் மனிதருக்கும் இதே கதிதான். நிஜப் பைகளின் படத்துக்கு நடுவே மென்பொருள் திடீரென்று பொய்யாக ஒரு துப்பாக்கியையோ குண்டையோ காட்டும். அவர் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்க. இருபது நிமிடம்போல உட்கார்ந்ததும் ஆளை மாற்றிவிடுவார்கள். அதற்கு மேல் கண் பார்க்கும், மனசு பார்க்காது.

அந்தத் திரையில் உணவு, துணி, வெடிமருந்து மாதிரியான கரிமப் பொருட்கள் ஆரஞ்சு. உலோகம் நீலம். கனமான பித்தளை கிட்டத்தட்டக் கறுப்பு. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. முன்பெல்லாம் வாசலிலேயே பெட்டியை எக்ஸ்ரேயில் போட்டு, பட்டை கட்டித் தருவார்கள். இப்போது கவுண்டரில் கொடுத்தால் பெல்ட்டில் உள்ளே போய் அங்கேயே படிப்படியாகச் சோதனை ஆகிறது. கருவிக்குச் சந்தேகம் வந்தால் மனிதர் படத்தைப் பார்ப்பார். அவருக்கும் தீராவிட்டால் கடைசியில் பயணியையே கூப்பிடுவார்கள்.

கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியில் அப்பாவின் பெயர். எனக்கு மானம் போனது. விளக்கு வேண்டாம்னு சொன்னேனே என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். அங்கிருந்த ஊழியப் பெண் சங்கடத்தோடு, "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா, ஒரு தடவ தொறந்து காட்டிடுங்க" என்றார். அப்பா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பூட்டைத் திறந்து, வேட்டியைப் பிரித்து, விளக்கின் தண்டு, தட்டு, அடிப்பாகம் என்று ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றி மேசையில் வைத்தார். "நல்லா பாரும்மா. அவசரமில்ல. உள்ளயும் பாத்துக்கோ."

கேட் அருகே உட்கார்ந்திருந்தபோது அவராகவே பேசினார்.

"எண்பத்துநாலுல இதே ஏர்போர்ட்டுதான்டா."

1984 ஆகஸ்ட் 2. இரவு பதினொன்றை நெருங்கும் நேரம். கொழும்பு விமானத்தில் ஏற்றப் பதியப்பட்ட பெட்டிகள். பதிந்த ஆள் ஏறவில்லை. பெட்டிகளை நிறுத்திவைத்தார்கள். குண்டு இருப்பதாகத் தொலைபேசி எச்சரிக்கையும் வந்தது. சுமார் முப்பது பேர் செத்துப்போனார்கள். பலர் இலங்கைப் பயணிகள். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அப்பா சொன்னது வேறு. வெளியே அம்பாசிடரில் சவாரிக்குக் காத்திருந்திருக்கிறார். சத்தம், அப்புறம் கண்ணாடி. மூன்று பேரை வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கிறார். பின்சீட்டில் இருந்த பெண் வழியெல்லாம் தன் பெட்டியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"யாரும் கவனிக்கலையாப்பா?"

"கவனிச்சாங்க. யார் பெட்டின்னும் கேட்டாங்க. கேட்டுட்டு, ஜனங்க இருக்கற எடத்துலயே வச்சிட்டாங்க."

அந்த மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். உள்ளே போய்ப் பார்க்கவில்லை, சீட்டைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன் என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம், 1985 ஜூன் 23 அன்று, கனடாவிலிருந்து வந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் வெடித்தது. 329 பேர். அதிலும் ஆள் ஏறாமல் ஏறிய பெட்டிதான். டொரான்டோவில் எக்ஸ்ரே எந்திரம் பழுதாகிவிட்டதால் கைக்கருவியால் சோதித்தார்கள். மான்ட்ரியலில் மோப்ப நாயை வரவழைத்தார்கள். அது வந்து சேர்வதற்குள் விமானம் கிளம்பிவிட்டது. பயணி ஏறாவிட்டால் அவர் பெட்டியும் போகக் கூடாது என்ற விதியை உலகம் கறாராகப் பிடித்துக்கொண்டது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். நம் விமானம் தாமதமாகும்போது, வராத யாரோ ஒருவரின் பெட்டியைக் கீழே தேடிக்கொண்டிருப்பார்கள். நான் எத்தனை தடவை உச்சுக் கொட்டியிருக்கிறேன்.

சாங்கியில் எங்கள் பெட்டி சீக்கிரமே வந்துவிட்டது. தங்கை வெளியே நின்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பெல்ட்டை விட்டு நகரவில்லை. கூட்டம் கலைந்து, ஒரே ஒரு நீலப் பெட்டி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன். நாலாவது சுற்றில் கழிவறைப் பக்கமிருந்து ஒரு பையன் ஓடிவந்து அதைத் தூக்கினான்.

"உன்னுதாப்பா?" என்றார் அப்பா.

அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.