அரிவாள் எப்போது ஆயுதமாகிறது?

சங்கரன்கோவிலில் எங்கள் பாட்டனார் காலந்தொட்டு அரிவாள் அடித்துத் தருவது ஒரே கொல்லுப்பட்டறைதான். வேலி முள் வெட்ட ஒரு வெட்டரிவாள் வாங்குவதற்காக அண்ணனும் தம்பியுமாக அண்மையில் அங்கே சென்றிருந்தோம். அரிவாளைத் தருமுன் அண்ணாச்சி ஒரு நோட்டை விரித்தார். "பேரு, ஊரு, போன் நம்பர் சொல்லுங்க தம்பி. எதுக்குன்னும் எழுதணும்."

தென்மாவட்டங்களில் பழிக்குப்பழிக் கொலைகள் தொடர்ந்ததால், வாங்குவோர் விவரங்களைப் பதிவு செய்யுமாறு 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. அன்று தொடங்கிய நோட்டு அது. எங்களுக்கு முன் வாங்கிய லுங்கி கட்டிய இளைஞரும் 'வேலி வெட்ட' என்றே எழுதச் சொல்லியிருந்தார்.

திரும்பும் வழியில் வாகனச் சோதனை. சாக்கைப் பிரித்துக் காட்டினோம். காரணம் சொன்னோம். "சரி, போங்க சார்" என்றனர். அதே இளைஞரும் அங்கே நின்றிருந்தார். அதே பட்டறை, அதே இரும்பு, அதே காரணம். அவரை மட்டும் உட்கார வைத்திருந்தார்கள்.

வீடு வந்ததும் சட்டத்தைப் புரட்டினோம். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், வீட்டுக்கோ வேளாண்மைக்கோ மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருள்களைப் படைக்கலமாகக் கொள்வதில்லை. அதற்கு அது தரும் உதாரணங்கள் லத்தியும் சாதாரணக் கைத்தடியும். 2016ஆம் ஆண்டு விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்திகளைப் பட்டியலிடுகின்றன. ஆயினும் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கானவை அங்கும் விலக்கே. ஆகவே பனையேறியின் பாளை அரிவாளும் அம்மாவின் அரிவாள்மணையும் கருவிகள்தாம். ஒருவரைக் காயப்படுத்திவிட்டாலோ கணக்கு வேறு. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவு, ஆயுதமாகப் பயன்படுத்தினால் உயிர்போகக்கூடிய எந்தக் கருவியையும் கொடிய ஆயுதமாகவே கருதுகிறது.

செய்யும்போது கருவி, வெட்டியபின் ஆயுதம். சட்டம் இவ்விரண்டையும் தெளிவாகவே சொல்கிறது. இடையிலுள்ள சாலையில்தான் சிக்கல். அங்கே அரிவாளை எவரும் அளப்பதில்லை. பிடித்திருப்பவரின் உடையையும் ஊரையும் அளக்கிறார்கள். கொலைகள் நடந்த மண்ணில் காவலரின் அச்சத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அச்சம் எங்களைத் தொடவில்லை என்பதே உறுத்துகிறது.

பட்டறை நோட்டில் அவருடைய பெயரும் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று அன்று நாங்கள் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.