படிவத்தில் எழுதிய பொய்

மகனை டாக்டரிடம் காட்டப் போன இடத்தில், கர்ப்பமாக இருந்தபோது மது அருந்தினீர்களா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் கணவர். "இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய். பிறகு டாக்டர் என் மகனுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு என்றார். அப்போதும் வாய் திறக்கவில்லை.

கர்ப்பமான காலத்தில் எனக்குப் பெங்களூரில் வேலை. வாரக் கடைசியில் அலுவலக நண்பர்களோடு ஒயின் குடிப்பேன். கரு தரித்ததே தெரியாத நாட்களில் குடித்தேன் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க மாட்டேன். தெரிந்த பிறகும் குடித்தேன். ஒரு கிளாஸ் ஒன்றும் செய்யாது என்று யாரோ சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. பப்பாளி தொடாதே, அன்னாசி தொடாதே என்று அம்மா சொன்னதையெல்லாம் தட்டாமல் கேட்டவள்தான் நான்.

தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் இரத்தத்தில் கலக்கிறது. அதை முறித்து வெளியேற்றும் திறன் கருவின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. மூளையோ பத்து மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று எந்த அளவையும் மருத்துவர்கள் சொல்வதில்லை. பிரான்சில் பால் லெமுவான் 1968லேயே, தாய் குடிக்கும் மதுவால் குழந்தைக்கு வரும் பாதிப்பைப் பற்றி எழுதினார். 1973இல் சியாட்டிலில் ஜோன்ஸும் ஸ்மித்தும் அதற்குப் பெயர் வைத்தார்கள். நான் பிறப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம்.

ஏடிஹெச்டி பெரும்பாலும் பரம்பரையாக வருவது. என் மகனுக்கு ஒயினால்தான் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடமும் இதே கவனச் சிதறல் மிக அதிகம். சிறிய கண்கள், மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளமில்லாத தோல் என முகத்தில் அடையாளம் இருந்தால் டாக்டருக்குச் சந்தேகம் வரும். பலருக்கு அப்படி எதுவும் இருக்காது. என் பிள்ளைக்கும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குத் தாய் குடித்தாள் என்பது உறுதியானால்தான் மதுவால் வந்த பாதிப்பைக் கண்டறியவே முடியும். அந்த வழியை நான் அடைத்துவிட்டேன்.

குடித்ததைவிட அதற்குப் பின் செய்ததுதான் என்னை அதிகம் வதைக்கிறது. ஷூவைக் கழற்று, டிபன் பாக்ஸை எடுத்து வை, கை கழுவு என்று ஒரே மூச்சில் சொல்வேன். ஷூவைக் கழற்றிவிட்டு அப்படியே நிற்பான். மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். திமிர் என்று அடித்தேன். அவன் அப்பா தடுத்தபோது, செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள் என்று அவர்மேல் பாய்ந்தேன்.

போன மாதம் தனியாகப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எந்த மாதங்களில், எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார். மறுபடியும் முழுதாகப் பரிசோதிக்கலாம் என்றார். அன்று இரவே கணவரிடம் சொன்னேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

மகனிடம் சொல்லவில்லை. ஒயினைப் பற்றி அவனுக்குப் புரியும் வயதில் சொல்வேன். ஆனால் தன்னைத் திமிர் பிடித்தவன் என்றே அவன் நம்புகிறான். அது பொய், அம்மாதான் தப்பாகச் சொன்னேன் என்று இந்த வாரமே அவனிடம் சொல்லிவிட வேண்டும்.