கால் நனையாமல் ஒரு சதுப்புக் காடு

பெண்ணின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறீர்களா? ஃப்ளோரிடாப் பக்கமானால், கார்க்ஸ்க்ரூ வனத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். தண்ணீருக்கு மேலே 2¼ மைல் பலகைப் பாதை. புடவைக் கரைகூட நனையாது. கீழே ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்திருக்கும். அதன் நடுவே கட்டைபோல் கிடக்கிறதே, அது முதலை!

இருபுறமும் வானளாவிய சைப்ரஸ் மரங்கள். சிலவற்றுக்கு வயது ஐந்நூறுக்கு மேல். 1954-ல் கோடாலிக்குத் தப்பிச் சரணாலயமான காடு இது.

பறவைகளுக்கு வந்த ஆபத்து அதற்கும் முந்தியது. சீமாட்டிகளின் தொப்பிக்கு இறகு வேண்டுமென்று, கூட்டில் குஞ்சு இருக்கும்போதே வெண்கொக்குகளைச் சுட்டார்கள். இறகு அழகாயிருப்பது அந்தப் பருவத்தில்தானாம். என்ன அலங்காரமோ! 1912-ல் காவல் போட்ட பிறகே கொக்குகள் பிழைத்தன.

மர நாரையின் கதை வேறு. நம் வேடந்தாங்கலுக்கு வரும் மஞ்சள் மூக்கு நாரைக்கு இது தாயாதி. திறந்த அலகை நீரில் வைத்துக் காத்திருக்கும். மீன் பட்டதும் 'டக்'கென்று மூடும். மழையற்ற மாதங்களில் நீர் மெல்ல வற்றி, குட்டைகளில் மீன் சேர்ந்தால்தான் குஞ்சுகளுக்கு வயிறு நிறையும். சுற்றுப்புறத்தில் கால்வாய்களும் வீடுகளும் பெருகியதால், இப்போது நீர் முன்னதாகவே வடிந்துவிடுகிறது. ஒரு கூடுகூடக் கட்டாமல் நாரைகள் போய்விட்ட வருஷங்களும் உண்டு.