35 வயதில் ஓய்வு

எனக்கு 58 வயதில் ஓய்வு கொடுத்தார்கள். மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீடு வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கே முதல் ஆறு மாதம், காலையில் எழுந்து என்ன செய்வது என்று புரியவில்லை. சிங்கப்பெருமாள் கோயிலில் நரசிம்மர் மலையைச் சுற்றி வரும் எங்கள் செட்டில் எல்லோருமே இதையே சொல்வார்கள்.

ஒரு கால்பந்து ஆட்டக்காரருக்கு இந்த ஓய்வு 35 வயதுவாக்கில் வந்துவிடுகிறது. நம்மில் பலருக்கு முதல் பிரமோஷன் வந்த வயது அது. முழங்கால் தேய்ந்திருக்கும், கைதட்டல் நின்றிருக்கும். மீதி ஆயுளுக்குத் தெரிந்த வேலை, பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுப்பது ஒன்றுதான். அப்படிப் பயிற்சியாளர்களாக மாறிய இரண்டு கேப்டன்களைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

முதலாமவர் அலியு சிஸ்ஸே. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுக்காரர். நடுக்களத்தில் நின்று எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்துக் கொடுப்பது அவர் வேலை. இப்படி ஆடுபவர்களின் பெயர் பேப்பரில் அதிகம் வராது.

2002 அவருக்கு விசித்திரமான ஆண்டு. பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டம், கேமரூனுடன். பெனால்டியில் முடிவு. கடைசியாக அடிக்க வந்த கேப்டன் சிஸ்ஸேயின் பந்தை கோல்கீப்பர் தடுத்துவிட்டார். கோப்பை போனது. மே 31 அன்று, நம் நேரப்படி மாலை 5 மணிக்கு, உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே உலகச் சாம்பியன் பிரான்சை 1-0 என்று செனகல் வீழ்த்தியது. டிவியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். செப்டம்பரில் அவர் பிறந்த சிகின்ஷோரிலிருந்து தலைநகர் டாக்கருக்குப் புறப்பட்ட ஜூலா என்ற கப்பல் கவிழ்ந்தது. 1,800 பேருக்கு மேல் மாண்டார்கள். டைட்டானிக்கில் இறந்தவர்களைவிட அதிகம். அவர்களில் சிஸ்ஸேயின் உறவினர்கள் மட்டும் பத்துப் பேருக்கு மேல்.

ஆடி முடித்தபின் இளையோர் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 2015ல் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. 2019ல் ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மறுபடி தோல்வி. அப்போதும் அவரை அனுப்பிவிடவில்லை. 2022 பிப்ரவரி 6, எகிப்துடன் இறுதி ஆட்டம். ஏழாவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை சாடியோ மானே வீணடித்தார். ஆட்டம் கோலின்றி முடிந்து மறுபடி பெனால்டிக்குப் போனது. வெற்றிக்கான கடைசிப் பந்தை அடித்தவரும் அதே மானேதான். செனகலுக்கு அதுவே முதல் ஆப்பிரிக்கக் கோப்பை. இருபது ஆண்டுகளுக்கு முன் தவறவிட்ட கேப்டன், பயிற்சியாளராக ஓரத்தில் நின்றிருந்தார்.

இரண்டாமவர் நமக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர். வி. பி. சத்யன். கண்ணூர்க்காரர், பின்வரிசையில் ஆடுபவர். கேரள போலீஸ் அணியில் பெயர் எடுத்தார். 1992ல் கோயம்புத்தூரில் கேரளம் சந்தோஷ் டிராபியை வென்றபோது அவர்தான் கேப்டன். 1995ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி இங்கே நடந்தது. ஊருக்கு அப்போது மெட்ராஸ் என்றுதான் பெயர். நேரு ஸ்டேடியத்தில் வங்கதேசத்தை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. கேப்டன் சத்யன். கோல் அடித்தவர் நம் சென்னைப் பையன் சபீர் பாஷா.

பிறகு சத்யன் இந்தியன் வங்கியில் வேலை பார்த்தார். அதன் அணிக்குப் பயிற்சியும் கொடுத்தார். ஆடிய நாட்களில் பட்ட காயங்களின் வலி கூடவே வந்தது. 2006 ஜூலை 18 அன்று, 41 வயதில், பல்லாவரம் ரயில் நிலையத்தில் அவர் வாழ்க்கை முடிந்தது. தானே எடுத்த முடிவு. இங்கிருந்து கடற்கரை ரயில் ஏறும் நாம் எல்லோரும் அந்த நிலையத்தைத் தாண்டித்தான் போகிறோம். ஒரு இந்திய கேப்டனின் கதை அங்கே முடிந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2018ல் மலையாளத்தில் ‘கேப்டன்’ என்று படம் வந்த பிறகுதான் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

காரணம் என்ன என்று தீர்ப்பு எழுத எனக்கு உரிமையில்லை. ஒரு மனிதரின் மனதுக்குள் நடந்ததை வெளியிலிருந்து அளக்க முடியாது. ஆனால் பயிற்சியாளர் என்ற பதவி மட்டும் ஒருவரைத் தாங்கிவிடாது என்று தோன்றுகிறது. சிஸ்ஸேக்குப் பின்னால் ஒரு நாடே நின்றது. தோற்றபோதும் பொறுமையாகக் காத்திருந்தது. வங்கி அணி ஆடுவதைப் பார்க்க நம்மில் யார் போனோம்?

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. அன்று கோல் அடித்த பாஷாவும் பயிற்சியாளர் ஆனார். 2018ல் சென்னையின் எஃப்.சி. கோப்பையை வென்றபோது உதவிப் பயிற்சியாளராக அவர் அங்கே இருந்தார்.

உங்கள் பக்கத்திலும் விடியற்காலையில் கழுத்தில் விசிலோடு மைதானத்துக்குப் போகும் பழைய ஆட்டக்காரர் ஒருவர் இருக்கலாம். ஒரு நாள் போய் ஓரமாக நின்று பாருங்கள். “நீங்க எந்த வருஷம் ஆடினீங்க சார்?” என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். நமக்குத்தான் நேரம் இருக்கிறதே.